சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் பந்தயம் என்றாலே ஊக்கமருந்துப் பேச்சும் சேர்ந்து வருவது ஏன்?

பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம் நடக்கும். 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர், நடுவில் ஓய்வு நாள் இரண்டே இரண்டு. இன்று ஆல்ப்ஸ் மலையில் ஐந்து மணி நேரம் மிதித்தவர் நாளைக் காலை மறுபடி ஏறி உட்கார வேண்டும். தசைக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேருகிறது, ராத்திரிக்குள் உடம்பு எவ்வளவு தேறுகிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டையும் மருந்தால் கூட்ட முடியும். வேறு பல விளையாட்டுகளில் மருந்து உதவும். இங்கே அது நேரடியாக நிமிடக் கணக்கில் தெரியும்.

பழக்கமும் பழையது. 1924-ல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பத்திரிகையாளர் அல்பேர் லோந்திரிடம் தங்கள் பையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கோகைன், குளோரோஃபார்ம், விதவிதமான மாத்திரைகள். அன்றைக்கு அதைத் தடுக்கும் விதியே கிடையாது. பிரான்சில் சட்டம் 1965-ல்தான் வந்தது. மறு வருடம் டூரில் முதல் சோதனை. 1967 ஜூலை 13 அன்று மோன் வான்தூ மலையேற்றத்தில் பிரிட்டன் வீரர் டாம் சிம்சன் சுருண்டு விழுந்து இறந்தார். கொளுத்தும் வெயிலோடு, களைப்பை மறைக்கும் ஆம்ஃபெட்டமின் மருந்தும் மதுவும் உடம்பில் சேர்ந்திருந்தன.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் தேடுகிறார்கள், அதனால் அகப்படுகிறார்கள். ரத்தப் பரிசோதனையே பெயரளவில் நடக்கும் விளையாட்டுகளின் சுத்தமான கணக்கை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

இபிஓ என்பது என்ன? ஏன் அது மட்டும் இவ்வளவு பிரபலம்?

இபிஓ, முழுப்பெயர் எரித்ரோபொயட்டின், நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன்தான். எலும்பு மஜ்ஜையிடம் “இன்னும் சிவப்பணு தயாரி” என்று சொல்வது அதன் வேலை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகைக்காகச் செயற்கை இபிஓ 1980-களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. ஆரோக்கியமான வீரருக்கு அதைப் போட்டாலும் சிவப்பணு கூடும்; கூடினால் ஆக்சிஜன் சுமக்கும் சக்தி கூடும்.

சிவப்பணுக்கள் ரத்தத்தில் எத்தனை சதவீத இடத்தைப் பிடிக்கின்றன என்பதை ஹீமாட்டோகிரிட் என்பார்கள். நீண்டகாலம் பயிற்சி எடுத்தவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகியிருப்பதால் இந்த எண் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். மூன்று வாரப் பந்தயத்தில் இன்னும் இறங்கும். எனவே ஏறினால்தான் சந்தேகம் என்பதில்லை. இறங்க வேண்டிய நேரத்தில் அசையாமல் நின்றாலே கேள்வி எழும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி உறையும், அதுவும் இதயம் மெதுவாகத் துடிக்கும் தூக்கத்தில் ஆபத்து அதிகம்.

மருந்து கையில் கிடைத்தது முதல் நம்பகமான சோதனை வந்தது வரை பத்து வருடத்துக்கும் மேல் இடைவெளி. அந்த இடைவெளிதான் 1990-களின் கதை முழுவதும். 1996 டூரை வென்ற பியார்னே ரீஸ் தான் இபிஓ எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்டார். பாரிஸை அடுத்த ஷாத்தனே-மலாப்ரி ஆய்வகம் 2000-ல் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. இயற்கை இபிஓவுக்கும் செயற்கை இபிஓவுக்கும் மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வேறு, ஆகவே மின்னூட்டமும் வேறு. ஜெல்லில் மின்புலம் கொடுத்தால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும்.

ஹீமாட்டோகிரிட்டுக்கு 50 சதவீத வரம்பு என்கிறார்களே, அது என்ன?

சோதனை இல்லாத காலத்தில் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யு.சி.ஐ. போட்ட ஒட்டு அது. 1997 முதல் ஆண்களுக்கு ஹீமாட்டோகிரிட் 50-ஐத் தாண்டினால் 15 நாள் பந்தயத்தில் இறங்கக் கூடாது. இதை ஊக்கமருந்துக் குற்றம் என்று சொல்லாமல் “உடல்நலச் சோதனை” என்றார்கள். உயிர்ச்சேதத்தைத் தடுத்தது என்பது உண்மைதான். ஆனால் வரம்பே இலக்காக மாறிவிட்டது: 49.5 வரை போகலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். சோதனையாளர் கதவைத் தட்டினால் சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்க்கவைப்பது அன்றைய வழக்கம்.

1999 ஜூன் 5 காலை மடோன்னா டி காம்பிலியோவில், இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ டி இத்தாலியா முடிய இரண்டு நாள் இருக்கும்போது, முதலிடத்தில் இருந்த மார்க்கோ பன்தானிக்கு 52 வந்தது. அன்றே வெளியேற்றப்பட்டார்.

ஃபெஸ்டினா விவகாரத்தில் என்னதான் நடந்தது?

1998 டூர் டப்ளினில் தொடங்கவிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 8 அன்று, பெல்ஜியம் எல்லையில் ஃபெஸ்டினா அணியின் மசாஜ் பணியாளர் வில்லி வோயே ஓட்டிவந்த காரைப் பிரெஞ்சு சுங்கத்துறை நிறுத்தியது. உள்ளே இபிஓ, வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். அணி மேலாளர் புரூனோ ரூசெல் இது ஒரு ஆளின் வேலையில்லை, மருத்துவ மேற்பார்வையோடு அணியே நடத்திய ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டார். அணி வெளியேற்றப்பட்டது. போலீஸ் மற்ற அணிகளின் ஓட்டல் அறைகளையும் புரட்ட ஆரம்பித்ததும் வீரர்கள் நடுச்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், எண் அட்டையைப் பிய்த்தார்கள். 189 பேர் கிளம்பிய பந்தயத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96 பேர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மருந்தைப் பிடித்தது சுங்கத்துறை, கூட்டமைப்பின் சோதனைக்கூடம் அல்ல. அதற்குப் பிறகும் பெரிய வழக்குகள் பலவும் இப்படியே வந்தன. 2006-ல் மாட்ரிட் டாக்டர் யுஃபெமியானோ ஃபுவென்டெஸிடம் வீரர்களுக்குத் திரும்ப ஏற்ற வைத்திருந்த ரத்தப் பைகளைக் கண்டெடுத்தது ஸ்பெயின் காவல்துறை. 2019-ல் ஜெர்மானிய டாக்டர் மார்க் ஷ்மிட்டின் ரத்தம் ஏற்றும் வலைப்பின்னலை உடைத்தது ஆஸ்திரிய, ஜெர்மானிய போலீஸ்.

வாடா, யு.சி.ஐ., ஐ.டி.ஏ., சி.ஏ.எஸ். — யார் என்ன செய்கிறார்கள்?

வாடா எனும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை ஃபெஸ்டினாவின் நேரடி விளைவு. 1999 நவம்பரில் தொடங்கியது, தலைமையகம் மாண்ட்ரியல். விதித் தொகுப்பு எழுதுவது, ஒவ்வொரு ஜனவரி 1 முதலும் அமலாகும் தடைப் பட்டியல் வெளியிடுவது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது, தீர்ப்பு லேசாகத் தெரிந்தால் மேல்முறையீடு செய்வது அதன் வேலை.

யு.சி.ஐ. பந்தயங்களை நடத்தி வளர்க்கும் அமைப்பு. நெடுங்காலம் போலீஸ் வேலையையும் அதுவே பார்த்தது. தன் நட்சத்திரத்தைத் தானே மாட்டவைத்தால் தன் விளையாட்டுக்கே நஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்தவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கை தயங்கும். என் பார்வையில் இந்த விளையாட்டின் பிரச்சினைகளில் பாதி இந்த இரட்டை வேடத்திலிருந்து வந்தவை. 2021 முதல் சோதனைத் திட்டத்தை லோசானில் உள்ள சர்வதேசச் சோதனை முகமையான ஐ.டி.ஏ. நடத்துகிறது. குற்றச்சாட்டை விசாரிக்க 2015 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கடைசி மேல்முறையீடு லோசானிலேயே உள்ள விளையாட்டு நடுவர் மன்றமான சி.ஏ.எஸ்.ஸுக்கு.

சிறுநீர் மாதிரியை எப்படி எடுக்கிறார்கள்? மாற்றிக் கொடுக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 1978-ல் டூரின் ஆல்ப் டுவேஸ் கட்டத்தை வென்று, மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியும் போட்ட மிஷெல் பொலன்டியே, வேறொருவர் சிறுநீர் நிரப்பிய ரப்பர் குமிழை அக்குளில் வைத்துக் குழாய் விட்டிருந்தார். பிடிபட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இன்றைய முறை இப்படி. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒரு துணையாளர் வீரரிடம் தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலிருந்து மாதிரி கொடுக்கும்வரை வீரர் அவர் கண்ணைவிட்டு அகலக் கூடாது. குளிக்கப் போனாலும் கூடவே வருவார். அறையில் வீரரே பல பெட்டிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஜெர்சியை மார்புவரை தூக்கி, கால்சட்டையை முழங்கால்வரை இறக்கி, கையை முழங்கைவரை மடக்கி, அதே பாலினத்துச் சோதனையாளர் நேரே பார்த்திருக்கக் கொடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி வேண்டும். அதில் 60 ஏ குப்பிக்கு, 30 பி குப்பிக்கு. வீரரே ஊற்றி வீரரே மூடுவார். கடைசியில் மீந்ததை வைத்து அடர்த்தி பார்ப்பார்கள், 1.005-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இன்னொரு மாதிரி கொடுக்க வேண்டிவரும். வெயிலில் வற்றிப் போய் வந்தவர் கடகடவென்று தண்ணீர் குடித்தால் நடப்பது இதுதான்: முதலில் வரவே வராது, வரும்போது நீர்த்துப் போயிருக்கும். இரண்டு மணி நேரம் அங்கேயே கழிந்துவிடும், அணிப் பேருந்து கிளம்பிவிடும்.

ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டுமே போகும். ஏ மாதிரியில் ஏதாவது இருந்தால் வீரர் பி மாதிரியைத் திறக்கச் சொல்லலாம், பக்கத்தில் நின்று பார்க்கலாம். பி ஒத்துவரவில்லை என்றால் அந்தச் சோதனை முடிவு நிற்காது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைலர் ஹாமில்டன் அப்படித்தான் தப்பித்தார்: மற்றவர் ரத்தம் ஏற்றியதைக் காட்டும் சோதனைக்கு முழு சிவப்பணு தேவை, ஆய்வகமோ பி மாதிரியை உறையவைத்துவிட்டது, அணுக்கள் சிதைந்துபோயின. தங்கம் அவரிடமே இருந்தது, அவரே ஒப்புக்கொண்ட பிறகு 2012-ல் பறிக்கப்பட்டது.

பந்தயம் இல்லாத நாட்களில்?

சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த நாள் எங்கே தூங்குவார், எங்கே பயிற்சி எடுப்பார் என்று இணையத்தில் பதிய வேண்டும். அத்தோடு தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் குறித்துக் கொடுத்து, அந்த நேரம் அந்த இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் மருந்து எதுவும் கிடைக்காவிட்டாலும் குற்றம்தான். தண்டனை ஒன்று முதல் இரண்டு வருடம்.

பொதுவாகத் தவறு நடப்பது சின்ன விஷயங்களில்: விமானம் மாறியது, அழைப்பு மணி வேலை செய்யவில்லை, போன் சைலன்ட்டில் இருந்தது. 2016-ல் பிரிட்டன் வீராங்கனை லிசி ஆர்மிட்ஸ்டெட்டுக்கு மூன்று தவறுதல் பதிவானது. முதலாவதில் சோதனையாளர் ஓட்டலில் அவரைத் தேடிய விதம் போதவில்லை என்று சி.ஏ.எஸ். அதை நீக்கியது. மைக்கேல் ராஸ்முசன் கதை வேறு வகை. 2007 டூரில் மஞ்சள் ஜெர்சியோடு இருந்தவரை அவர் அணியே இழுத்துக்கொண்டது, மெக்சிகோவில் இருந்ததாகச் சொன்ன நாட்களில் அவர் இத்தாலியில் மிதித்ததை ஒருவர் பார்த்திருந்ததால்.

உயிரியல் பாஸ்போர்ட் எப்படி வேலை செய்கிறது?

தன் ரத்தத்தைத் தானே எடுத்து வைத்து, பந்தய நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டால் அதில் அந்நியப் பொருள் எதுவும் இல்லை. நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்காக வந்த யோசனைதான் உயிரியல் பாஸ்போர்ட்: ஒரு வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிந்து, மருந்தைத் தேடாமல் அதன் தடயத்தைத் தேடுவது. யு.சி.ஐ. 2008-ல் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தது. இந்தப் பாராட்டை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: ஹீமோகுளோபின், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டின் சதவீதம். இவற்றைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள்: ஒரு லிட்டரில் உள்ள ஹீமோகுளோபின் கிராமிலிருந்து, ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். சாதாரண நாளில் ஒருவருக்கு 150 கிராம், 1 சதவீதம் என்றால் 150 − 60 = 90. அவரே ரத்தம் ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் 165 ஆகலாம்; “ரத்தம் போதுமே” என்று மஜ்ஜை தயாரிப்பைக் குறைப்பதால் ரெட்டிகுலோசைட் 0.36-க்கு இறங்கலாம். 165 − 36 = 129. ரத்தம் எடுத்துச் சில நாள் கழித்துப் பார்த்தால் நேர்மாறு: 140 கிராம், 1.96 சதவீதம், 140 − 84 = 56. தனித்தனியாகப் பார்த்தால் இந்த எண்கள் ஒவ்வொன்றும் யாராவது ஒருவருக்கு இயல்பாக இருக்கக்கூடியவை. ஒரே ஆளிடம் 56-ம் 129-ம் வருவதுதான் சிக்கல்.

எல்லோருக்கும் ஒரே வரம்பு என்ற பழைய 50 சதவீதக் கோளாறு இங்கே கிடையாது. ஒவ்வொரு மாதிரி சேரச்சேர மென்பொருள் அந்த வீரருக்கான மேல் கீழ் வரம்புகளை நெருக்கிக்கொண்டே வரும். வரம்பு மீறினால் மூன்று நிபுணர்கள் பெயர் தெரியாமல் பார்ப்பார்கள். மூவரும் ஊக்கமருந்தே காரணம் என்று ஒத்துக்கொண்டால்தான் வழக்கு.

எங்கே தவறும்? மலை உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தால் எண்கள் மாறும். அதனால் கடைசி இரண்டு வாரம் எங்கே இருந்தீர்கள் என்று படிவத்திலேயே கேட்பார்கள். படுத்திருந்து எழுந்தால் பிளாஸ்மா இடம் மாறும். அதனால் ரத்தம் எடுக்குமுன் பத்து நிமிடம் உட்கார வைப்பார்கள். வழியில் மாதிரி சூடானால் அணுக்கள் வீங்கும். அதனால் பெட்டிக்குள் வெப்பமானி பதிவு செய்துகொண்டே போகும். இத்தனைக்குப் பிறகும் நிற்காத வழக்கு உண்டு: ரோமன் கிராய்ட்சிகர் மீதானதை யு.சி.ஐ.யும் வாடாவும் 2015-ல் திரும்பப் பெற்றன. நின்றவற்றில் முதன்மையானது ஃபிராங்கோ பெலிசோட்டி வழக்கு, 2011-ல் சி.ஏ.எஸ். இரண்டு வருடத் தடையை உறுதிசெய்தது, பாஸ்போர்ட்டுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது.

பாஸ்போர்ட் ஊக்கமருந்தை ஒழிக்கவில்லை, அளவைச் சுருக்கியது. யு.சி.ஐ. அமைத்த விசாரணைக் குழுவின் 2015 அறிக்கையே சிறு சிறு அளவாக எடுக்கும் பழக்கம் இருப்பதைச் சொன்னது.

ஆர்ம்ஸ்ட்ராங் இத்தனை சோதனைகளில் எப்படித் தப்பினார்?

1999 முதல் 2005 வரை ஏழு டூர்களிலும் முதலாவதாக வந்த அமெரிக்கர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். “ஒருமுறைகூடப் பிடிபடவில்லை” என்பது அவர் சொல்லிக்கொண்டது. 1999 டூரிலேயே அவர் சிறுநீரில், வீக்கத்தைத் தணிக்கும் மருந்தான கார்ட்டிகோஸ்டீராய்டு இருந்தது. சைக்கிள் இருக்கை உரசி வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டைக் கொடுத்தார்கள், யு.சி.ஐ. ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அவரிடமிருந்து யு.சி.ஐ. நன்கொடையும் வாங்கியது. லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றாலும் அவருக்குச் சலுகை காட்டப்பட்டது என்று அதே 2015 அறிக்கை எழுதியது.

அவரை வீழ்த்தியது சாட்சியம். 2012 அக்டோபர் 10 அன்று அமெரிக்க முகமையான யுசாடா வெளியிட்ட தீர்ப்பில் 26 பேரின் சத்தியப்பிரமாண வாக்குமூலம் இருந்தது. பலர் அவரோடு ஒரே அணியில் மிதித்தவர்கள். உதவினால் தண்டனை குறையும் என்ற விதி அவர்கள் வாயைத் திறக்க வைத்தது. 12 நாளில் யு.சி.ஐ. ஏற்றது, ஏழு பட்டங்களும் போயின.

கான்டடோருக்குத் தடை, ஃப்ரூமுக்கு விடுதலை. பாரபட்சம்தானே?

இருவருமே டூரை வென்ற வீரர்கள், ஆனால் இரண்டும் வேறு விதி. ஆல்பர்ட்டோ கான்டடோரிடம் 2010 டூர் ஓய்வு நாளில் கிளென்புடெரால் கிடைத்தது, ஒரு மில்லிக்கு 50 பிகோகிராம். அளவு துக்கடாதான், ஆனால் அந்த மருந்துக்கு அன்று குறைந்தபட்ச வரம்பே கிடையாது, இருந்தாலே குற்றம். எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு வீரருடையது. சாப்பிட்ட மாட்டிறைச்சியிலிருந்து வந்தது என்றார், நிரூபிக்க முடியவில்லை, 2012-ல் இரண்டு வருடத் தடை.

கிறிஸ் ஃப்ரூமிடம் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் 2017-ல் கிடைத்தது சால்புடமால். ஆஸ்துமா இன்ஹேலர் மருந்து, குறிப்பிட்ட அளவுவரை அனுமதி உண்டு. சிறுநீரில் ஒரு மில்லிக்கு 1,000 நானோகிராம் வரம்பு. அவருக்கு 2,000 வந்தது, நீர் வற்றியிருந்ததைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் சுமார் 1,430. அனுமதித்த அளவை உறிஞ்சியே இந்த எண் வரலாம் என்ற வாதத்தை வாடா ஏற்க, 2018 ஜூலையில் வழக்கு மூடப்பட்டது. விதிப்படி சரி. ஆனால் அதே மருந்துக்கு முன்பு அலெசாண்ட்ரோ பெட்டாக்கியும் டியேகோ உலிசியும் தடை அனுபவித்தார்கள். அத்தனை வக்கீல்களும் நிபுணர்களும் அவர்களிடம் இல்லை என்று ரசிகர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

நைரோ குயின்டானா மூன்றாவது ரகம். 2022 டூரில் அவர் ரத்தத்தில் வலிநிவாரணி டிரமடால். வாடா பட்டியலில் அது அப்போது இல்லை, 2024-ல்தான் சேர்ந்தது, யு.சி.ஐ. மட்டும் 2019 முதல் பந்தயத்தில் தடுத்திருந்தது. ஆகவே ஆறாம் இடம் போனது, தடை விழவில்லை.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும் குற்றமா?

பட்டியலில் இருந்தால், முன்அனுமதி இல்லாமல் குற்றம். அனுமதிக்கு நோயின் ஆதாரம், மாற்று மருந்து இல்லை என்ற காரணம், அளவு, காலம் எல்லாம் கொடுக்க வேண்டும். 2016-ல் சைமன் யேட்ஸுக்கு விண்ணப்பிக்க அணி டாக்டர் மறந்தார். நான்கு மாதம் வெளியே உட்கார்ந்தது வீரர். கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசிகளை இந்த அனுமதியின் பெயரில் பெரிய பந்தயத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் சர்ச்சை நெடுநாள் ஓடியது. 2022 முதல் பந்தயக் காலத்தில் அந்த மருந்தின் எல்லா வகை ஊசியும் தடை.

தண்டனை எவ்வளவு?

இபிஓ, ஸ்டீராய்டு, ரத்தம் ஏற்றுதல் போன்றவற்றுக்கு முதல்முறையே நான்கு வருடம். குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் குறையும். மற்றவரைப் பற்றித் தகவல் தந்தால் இன்னும் குறையும். மாசுபட்ட சத்துப்பொடி என்று நிரூபித்தால் எச்சரிக்கையோடு முடியவும் வாய்ப்புண்டு. ஆனால் டப்பாவும் ரசீதும் வைத்திருப்பவர் அபூர்வம். மாதிரிகளைப் பத்து வருடம் வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம்.

ஒரே அணியில் 12 மாதத்துக்குள் இருவர் சிக்கினால் அணியையே 15 முதல் 45 நாள் நிறுத்தலாம். 2017-ல் பார்டியானி அணிக்கு 30 நாள் விழுந்தது. 2022-ல் போர்ச்சுகல் போலீஸ் விசாரணைக்குப் பிறகு டபிள்யு52 போர்ட்டோ அணியின் உரிமமே போனது.

சைக்கிளுக்குள் மோட்டார் வைத்தது உண்மையா?

உண்மை. 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் சோல்டரில், சேறும் மேடுமான பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயத்தின் உலகப் போட்டியில் பெல்ஜிய வீராங்கனை ஃபெம்கே வான் டென் டிரீஷின் சைக்கிளில் கிடைத்தது. ஆறு வருடத் தடை, 20,000 சுவிஸ் பிராங்க் அபராதம். இப்போது காந்தப்புலத்தை அளக்கும் டேப்லெட் கருவியும் எக்ஸ்ரேயும் கொண்டு பார்க்கிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு பற்றிச் சமீபத்தில் பேசுகிறார்களே?

உடம்பில் மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அளக்க, அளந்த சிறு அளவு வாயுவைச் சுவாசிக்க வைப்பது ஒரு மருத்துவ முறை. அளவிடுவதற்காக என்றில்லாமல் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் உடம்பு ஆக்சிஜன் பற்றாக்குறை என்று நினைத்துச் சிவப்பணு கூட்டும். விஷவாயு, பயிற்சி முகாம் அறையில் விளையாடும் பொருளில்லை. யு.சி.ஐ. 2025 பிப்ரவரியில் தடுத்தது, வாடா 2026 பட்டியலில் சேர்த்தது. யாரும் சாகுமுன் வந்த விதி என்பதே இந்த விளையாட்டில் புதுசு.

பட்டம் பறிபோனால் இரண்டாமவருக்குக் கிடைக்குமா?

வழக்கமாக ஆம். 2006 டூர் ஃபிளாய்ட் லாண்டிஸிடமிருந்து ஆஸ்கர் பெரெய்ரோவுக்குப் போனது, 2010 கான்டடோரிடமிருந்து ஆன்டி ஷ்லெக்குக்கு. 1999 முதல் 2005 வரை மட்டும் காலியாகவே விட்டார்கள். காரணத்தை அந்த ஏழு வருடமும் இரண்டாவதாக வந்தவர்களின் பட்டியலில் பார்க்கலாம். அலெக்ஸ் சூலே, ஃபெஸ்டினா அணியில் இருந்து இபிஓ எடுத்ததை ஒப்புக்கொண்டவர். மூன்று முறை இரண்டாவதாக வந்த யான் உல்ரிக்கும், 2005-ல் வந்த இவான் பாசோவும் ஃபுவென்டெஸ் விவகாரத்தில் தடை வாங்கியவர்கள். எஞ்சியவர்கள் ஹோசேபா பெலோக்கி, ஆன்ட்ரெயாஸ் குளோடன் என்ற இருவர் மட்டுமே.